மூன்றாவது சேனல்

நீளக் கால் பிளஸ், குட்டைக் கால் மைனஸ்.
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
கேஸ் சூட்டுக்கோலால் ஈயம் வைக்கிறேன்.
சாட்ஸ்வர்த்தில் எட்டிலிருந்து பத்தரை வரை
இன்று எங்கள் தெருவின் முறை, இருட்டுக்கு.

பின்விளக்கில் ஒன்று எரியவில்லை.
காலை மாற்றி வைத்திருக்கிறேன். கழற்று.
கட்டைவிரல் கொப்பளித்துவிட்டது.
"பொம்மைக் காருக்கா இத்தனை?"
மெழுகுவத்தியோடு கழிவறைக்குப் போகிற வழியில்
பூபாலன்.

மூன்றாவது சேனலைத் தட்டினேன்.
முன்னால் இரண்டு வெள்ளை, பின்னால் இரண்டு சிவப்பு.
நாற்காலியை இடித்து, திரும்பி,
கட்டிலடியில் நுழைந்து
தூசிக்குள் மினுங்கிய எதையோ பார்த்தபடி
நின்றது.
போன தீபாவளிக்குத் தொலைத்த கம்மலா?

குனிவதற்குள் கரண்ட் வந்துவிட்டது.
தெருவெல்லாம் ஓவென்று கூச்சல்,
பிரிட்ஜ் உறுமுகிறது,
வெள்ளை விளக்கு வெளிறிப்போனது.
மினுக்கம் இல்லை.

எழுந்துபோய்
சுவிட்சை அணைத்தேன்.