கொண்டை ஊசி

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டபோது
எனக்கு நாற்பத்தொன்று, அவருக்கு நாற்பத்தாறு.
அது தை. இது கத்திரி.

செவ்வாய்ப்பேட்டை லாரி புக்கிங் ஆபீஸில்
என் மேசைக்கு எதிரே ஒரு டயர் கம்பெனி காலண்டர்.
மே மாதத்துக்குப் பச்சைச் சரிவு,
கழுத்தில் மணி கட்டிய மாடுகள்,
சிவப்புக் காரில் எங்கோ போகிற ஒரு ஜோடி.
ஐரோப்பா என்று மட்டும் போட்டிருந்தது,
ஊர் பெயர் இல்லை.
என்னைக் கூட்டிப்போக வந்த ஒரு மாலை
அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.
"போலாமா?"
பாஸ்போர்ட் இல்லாத இரண்டு பேர் சிரித்தோம்.
"மே முடியறதுக்குள்ள" என்றார், சிரிக்காமல்.

மே கடைசி ஞாயிறு, விடிகாலை ஐந்தரை.
மூன்றாம் கைக்கு வந்த சாம்பல் நிற ஆல்டோ.
தட்டுவடை தனியாக, சட்னி தனியாக,
பின் சீட்டில் நான்கு குண்டு மாம்பழம்.
அவர் ஓட்டினார், பக்கத்தில் யாரும் இல்லாத மாதிரி.
தனக்குத் தானே பேசிக்கொண்டு:
மெதுவா, மெதுவா, லெஃப்ட்ல பாரு.
நான் கைப்பையை மடியில் வைத்து
ஜிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்,
டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது போல.

அடிவாரம் தாண்டியதும் முதல் பலகை.
கொண்டை ஊசி வளைவு. இருபதில் ஒன்று.
இந்தப் பெயரை வைத்தவன்
யார் தலையை அவிழ்த்துப் பார்த்திருப்பான்?
கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.
எங்களுக்குள் இன்னும் அவ்வளவு பழக்கம் இல்லை.

பதினொன்றில் புகை.
பானெட்டைத் திறந்தவர் முகம் மறைந்துபோனது.
மேலே ஏறிய அரசு பஸ் டிரைவர்
"என்ன சார், கஞ்சி காய்ச்சறீங்களா?" என்று
பதில் கேட்காமல் வளைந்து போனார்.
ஆறட்டும் என்று கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தோம்.
கீழே சேலம், புழுதிக்குள்.
"அங்க வெள்ளையாத் தெரியுதே, அதான் நான்."
மேக்னசைட் குழி.
இருபது வருடம் சங்கிலி பிடித்து அளந்த இடம்.
"நான் எங்கே?"
கண்ணைச் சுருக்கி வெகுநேரம் தேடினார்.
பிறகு விரல் நீட்டினார்.
அது புது பஸ் ஸ்டாண்ட் பக்கம்.
செவ்வாய்ப்பேட்டை எங்கோ வலப்புறம் கிடந்தது.
"ஆமாங்க, அதேதான்" என்றேன்.
அதற்குள் தட்டுவடையைக் குரங்கு கொண்டுபோய்விட்டது.
சட்னியை மட்டும் எங்களுக்கு விட்டுவைத்திருந்தது.

இரண்டு பாட்டில் குடிதண்ணீரும் ரேடியேட்டருக்குப் போயிற்று.
மாம்பழத்தைக் கடித்துத் தாகம் தீர்த்தோம்,
முழங்கை வரை ஒழுக.

ஏற்காட்டில் கோடை விழா.
ஏரியை இரண்டு சுற்று சுற்றியும்
வண்டி நிறுத்த இடமில்லை.
இறங்காமலே பார்த்த ஏரி அது.
ஜன்னல் வழியாக மிளகாய் பஜ்ஜி வாங்கி,
நாகலூர் ரோட்டில், சில்வர் ஓக் மரங்களில்
மிளகுக்கொடி ஏறிய நிழலில் போனோம்.
ஒரு திருப்பத்தில் மாடு.
நடுரோட்டில், வாலில் சேறு, கழுத்தில் வெறும் கயிறு.
ஹாரன் அடிப்பார் என்று நினைத்தேன்.
என்ஜினை அணைத்துவிட்டார்.
அது எங்களைப் பார்த்தது, அசை போட்டது,
அவசரமே இல்லை.
எங்களுக்கும்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.
திடீரென்று நாலு சொட்டு மழை.

இறங்கியது குப்பனூர் வழியாக.
மெதுவா, மெதுவா, லெஃப்ட்ல பாரு.
"லெஃப்ட்ல ஒண்ணுமில்ல. எதிர்ல லாரி" என்றேன்.
பிரேக்கை மிதித்துவிட்டு
சட்டென்று திரும்பிப் பார்த்தார்,
சீட் பேசியது போல.
அப்புறம் வீடு வரை
அவர் கேட்க, நான் சொல்ல.
கைப்பையைக் காணோமே என்று பதறினால்
அது பின் சீட்டில், மாங்கொட்டைகளோடு கிடந்தது.
எந்த வளைவில் போட்டேன்?

வாரத்துக்குள் தாளைக் கிழித்துவிட்டார்கள்.
ஜூனுக்குக் கடல் வந்திருக்கிறது.
கரையில் ஒரு வெள்ளைப் படகு.
அவருக்கு இன்னும் சொல்லவில்லை.