இரண்டு வெள்ளி

என் சலவைப் பைக்கு நம்பர் நூற்றுப் பதினேழு.
சட்டைக் கழுத்தில், காலுறையில், தலையணை உறையில்
சிவப்பு நூலால் தைத்திருக்கிறார்கள்.
தொலைந்தால் திரும்பி வருமாம்.
நானும் அப்படி வருவேனா என்று
முதல் நாள் யோசித்தேன்.
அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

பாகாவ் டவுனிலிருந்து வேனில்
பன்னிரண்டு நிமிடம்.
விளம்பரப் புத்தகத்தில் பசுமைச் சூழல் என்று போட்டிருந்த
அவ்வளவும் செம்பனை.
வரிசை, வரிசை, இன்னொரு வரிசை,
காலையில் எங்களை நிறுத்துவதுபோல.
காற்று திரும்பினால் எண்ணெய் ஆலையின் வாடை
கணக்குப் பாடத்துக்குள் வந்து உட்காரும்.
தெமூர் மூக்கைப் பொத்துவான், தாஷ்கண்ட்காரன்.
எனக்கு அது பிடிக்கும், யாரிடமும் சொன்னதில்லை.
மன்னாரில் கருவாடு காயும் நாளும்
இப்படித்தான், கேட்காமல் வீட்டுக்குள் வரும்.

பொத்தான் அறுந்த சட்டையை
சலவை அறைத் தவமலரிடம் கொடுத்தேன்.
நாற்பது வயதிருக்கும், காதில் ஒரு ப்ளூடூத்,
யாரிடம் பேசுகிறாள் என்று எப்போதும் குழப்பம்.
"இந்த நீச்சக்கொளம் இருக்குல்ல,
அங்கதான் எங்க லயத்துக் கக்கூஸு" என்று சொல்லி
அவளே சிரித்தாள்.
தைத்துத் தந்து, "ரெண்டு வெள்ளி" என்றாள்.

நான் இரண்டு வெள்ளிக்கிழமை காத்திருந்தேன்,
எதற்கென்று தெரியாமலே.

மூன்றாம் கிழமை வழிமறித்தாள்.
"ஏன் தம்பி, காசு குடுக்காம ஓடுறே?"
காசுக்கு வெள்ளி என்று பேராம் இங்கே.
எங்களூரில் வெள்ளி வானத்தில் கிடக்கும்,
யாருக்கும் கடன் இல்லை.
இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில்
விடுதிக் கண்காணிப்பாளர் திரும்பிப் பார்த்தார்.
அவர் தலைக்கு மேல், ஆங்கிலம் மட்டும் என்ற பலகை.
எனக்கு இரண்டு புள்ளி கழித்தார்.
தவமலருக்குக் கழிக்கப் புள்ளி இல்லை,
அவளிடம் வேறு ஏதோ மெதுவாகச் சொன்னார்.
அன்றிலிருந்து என்னிடம் அவள்
"யெஸ், பாய்" என்றுதான் பேசுகிறாள்.
காசை நீட்டினால்
கையை ஏப்ரனுக்குள் விட்டுக்கொள்கிறாள்.

ராத்திரி தெமூர் தூக்கத்தில் உஸ்பெக்கில் சண்டை போடுவான்.
மேல் கட்டிலில் ஜுன்சோ,
ஒளித்து வைத்த இரண்டாம் ஃபோனில்
அம்மாவோடு கொரியனில் கிசுகிசுப்பான்.
பழக்குலை ஏற்றிய லாரிகள்
வேலிக்கு அந்தப் பக்கம் கியர் மாற்றும்.
ஒன்பதரைக்கு மேல் புள்ளி கழிக்க ஆளில்லை.

சனிக்கிழமை டவுனுக்கு விட்டார்கள்.
பஸ் நிலையத்தில் என் கோட்டைப் பார்த்த பையன்கள்
ஆங்கிலத்தில் வழி சொன்னார்கள்.
தமிழில் நன்றி என்றேன்.
"டேய், இவன் ரேடியோ மாரி பேசுறான்டா!"
அதில் குகனேஸ் என்பவன் மைலோ வாங்கித் தந்து
இன்னொரு தடவை பேசச் சொன்னான்.
பேசினேன்.
ஒரு மைலோவுக்கு மூன்று வாக்கியம்.

ஞாயிறு, விடுதிக் கணினியில், அப்பா.
தோஹாவில் ஓர் அறைக்கு எட்டுப் பேர்,
அவருக்கும் மேல் கட்டில்தான்.
அவர் சலவைப் பைக்கும் நம்பர் இருக்கிறது,
ஒருநாள் திரையில் அவருக்குப் பின்னால் தொங்கிற்று.
வாசித்துவிட்டேன். கேட்கவில்லை.
கட்டணத்தில் பாதியைப் பள்ளி விட்டுக்கொடுத்தது.
மற்றப் பாதி அவர்.

"சாப்பாடு என்ன மாதிரி?"
"நல்லம்."
"காசு இருக்கோ?"
"இருக்கு. ரெண்டு வெள்ளிதான் குடுக்கக் கிடக்கு."

கொஞ்ச நேரம் அங்கே ஃபேன் மட்டும் சுற்றியது.

"எனக்கும் கிழமையில அந்த ஒரு வெள்ளிதானேடா லீவு.
இந்த மாசம் ரெண்டை
ஓவர்டைமுக்கு ஏற்கெனவே குடுத்திட்டன்.
மிச்சம் ரெண்டையும்
குடுக்க ஏலுமோ எண்டு கேட்டுப் பாக்கிறன்."

திருத்த வாயெடுத்தேன்.
வரிசையில் நின்ற தெமூர் தோளைத் தட்டினான்.
என் பத்து நிமிடம் முடிந்திருந்தது.