வெல்கா

காங்கேயத்தில் பேக்கரி மாடி.
ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்குச் சீட்டு.
அஞ்சு லட்சம், இருபது பேர்.
நோட்டில் நான் பதினேழாம் நம்பர்.
பத்து மாசமாய் என் பேருக்குத் தம்பி உட்கார்ந்த
பிளாஸ்டிக் நாற்காலியில்
இன்றைக்கு நானே.
லீவு பத்தொன்பது நாள். ஆறு போயிற்று.

"அங்க என்ன வேலைங் கண்ணு?" என்கிறார் பொங்கியண்ணன்.
"ஆபீஸ்லங்க."
பொய்யில்லை.
விடிய நாலு மணிக்குத் தம்பெரேயில்
மூன்று மாடி ஆபீஸ் என் கையில்தான் இருக்கிறது,
மாப்பும் வாளியுமாக.
எட்டு மணிக்கு அவர்கள் வரும்போது
நான் பள்ளிக்கூடச் சமையற்கட்டில்
உருளைக்கிழங்கு ஒட்டிய தட்டுகளோடு இருப்பேன்.

சாயங்காலம் வகுப்பு.
பிர்க்கோ டீச்சர் பலகையில் எழுதினாள்:
துலி, நெருப்பு.
தூலி, காற்று.
துல்லி, சுங்கம்.
சிரியாக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.
எனக்கென்ன, கல் வேறு கால் வேறு என்று
ஒன்றாம் வகுப்பிலேயே தெரிந்தவள்.
அன்று ஒருநாள் நான்தான் முதல்.
மறுநாள் வேற்றுமை உருபின்மேல்
தலை சாய்த்துத் தூங்கிவிட்டேன்.
எட்டுக்கே எட்டாம் வகுப்பில் அடி வாங்கினவளுக்கு
அங்கே பதினைந்து.

கடனுக்கு அந்த ஊரில் வெல்கா என்று பேர்.
மினுல்லா ஓன் வெல்கா.
என்மேல் இருக்கிறது கடன்.
வீட்டுப்பாடம் எழுதுகையில் புன்னகைத்ததோடு சரி.
போன திங்கள் பஸ்ஸில் வரும்போதுதான்
வழிநெடுக மதிலைப் பார்த்துப் பார்த்து
அடக்க முடியாமல் சிரித்தேன்.
வெல்க, வெல்க, வெல்க,
சுண்ணாம்பு அடித்து, பெரிய எழுத்தில்.

எதிர்காலத்துக்கு அவர்களிடம் தனி வினை கிடையாது.
நாளைக்குப் போகிறேன் என்பதோடு சரி.
அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை.
ஏஜென்ட்டுக்குக் கட்ட வாங்கின நாலு லட்சத்துக்கு
போனில் நான் சொல்லிவருவதும் அதுதானே:
நாளைக்குத் தர்றேனுங்க.

தயவுசெய்து என்பதற்கும் சொல் இல்லையாம்.
காப்பி ஒன்று என்பார்கள். கிடைக்கும். யாருக்கும் கோபமில்லை.
நாய்க்குட்டியைக்கூடத் தள்ளிப் போங்க சாமி என்கிற ஊர்க்காரிக்கு
வாய் கூசியது.
கீத்தோஸுங்க என்று ஒருநாள் நழுவிவிட்டது.
நன்றிக்குப் பின்னால் அது என்ன வால் என்று கேட்ட
சூப்பர்வைசர் மார்க்கு
இப்போது அவனும் சொல்கிறான்.

"தொண்ணூறு" என்கிறார் உரக்கடைக்காரர்.
"தொண்ணூத்தஞ்சு", தெய்வாத்தா அக்கா.
"லட்சம்."
லட்சம் தள்ளினால் கையில் நாலு.
நாலு என்றால் சரியாக வெல்கா.
இன்னும் அஞ்சு தள்ளினால்?
அந்த அஞ்சாயிரத்தை யூரோவாக்கி
யூரோவை மணியாக்கி
மணியை மாடிப்படியாக்கி
மொழித் தேர்வுக் கட்டணத்தை எங்கே வைப்பது என்று,

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த கிழவி
பனியைப் பற்றி ஏதோ கேட்டபோதும் இப்படித்தான்.
சொல்லை எடுத்து, உருபைத் தேடி, ஒட்டி,
நான் வாய் திறக்கையில்
அவள் இறங்கிப் போயிருந்தாள்.

"மூணு தரம்!"
உரக்கடைக்காரருக்கு விழுந்தது, ஒன்னு அஞ்சுக்கு.

"நீங்க கேப்பீங்கன்னு பார்த்தேனுங் கண்ணு."
"கேக்கலாம்னுதானுங்க இருந்தேன்."
"ரெண்டு மாசம் பொறுங்க, தள்ளு கொறையும்."
ரெண்டு மாசத்தில் அங்கே
பகல் மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
கழிவு நாலாயிரம் போக
இருபத்தோராயிரத்தை எண்ணி வைக்கிறேன்,
ஈரம் பட்டு வெளுத்த விரல்களால்.
அவர் பார்த்துவிட்டு, நோட்டைத் திருப்புகிறார்.

தேங்காய் பன்னும் டீயும் கொண்டுவந்த பையனிடம்
வாய் தவறிவிட்டது.
கீத்தோஸுங்க.

"தனியா இருக்குதுங்க்கா சக்கரை,
எடுத்துட்டு வாறேன்" என்று
கீழே ஓடுகிறான்.