பன்னிரண்டு கிலோ அரிசி

எங்கள் பக்கத்தில் ஓடுகிற ஆள் ஒருத்தன்தான்.
நாவலடி றோட்டில் கம்பத்துக்குக் கம்பம்
நீலப் பலகையில் வெள்ளையாக,
பின்னால் அலை சுருண்டு நிற்க,
ஒரு காலைத் தூக்கியபடி
வருசக் கணக்காய் நிற்கிறான்.

இரண்டாவது ஆள் நான்.

நாலே முக்காலுக்கு வெளிக்கிடுவேன்,
பாண் ஓட்டோ பாட்டுப் போட முதல்.
வலப்பக்கம் கடல், இடப்பக்கம் வாவி.
முகத்துவாரம் மட்டும் போனால்
அங்கால் கரையில் வெளிச்சவீடு,
கல்லெறி தூரம்.
ஓடிப்போய்த் தொடுவதென்றால்
பட்டணத்தையே சுற்றிவர வேண்டும்.
பார்த்துவிட்டுக் கிறுகிவிடுவேன்.

பதுளையில் நேர்ஸிங் படித்த காலத்தில்தான்
ஏற்றம் என்ற சொல் என் தொடைக்குத் தெரிந்தது.
இங்கே இருக்கிற மலை கல்லடிப் பாலம்.
அதற்கடுத்த மலை
பள்ளிக்கூடத்துக்கு முன்னால் போட்ட வேகத்தடை.
மற்றதெல்லாம் தட்டை.
வாளித் தண்ணியைக் கவிழ்த்தால்
எந்தப் பக்கம் போவதென்று
கொஞ்சம் யோசிக்கும்.

"ஆருகா கலைக்கிற?"
தோணியடியில் வலை உதறும் அருளப்பு அண்ணன்
நாள் தவறாமல் கேட்பார்.
கடையடியில் நிற்பவர்களுக்கு வேறு கவலை:
"மெலிஞ்சது காணும் புள்ள."

பலகையின் அம்புக்குறி பாலத்தைக் காட்டும்.
அம்பு சொன்ன வழியே ஓடிப் பார்த்தேன்,
எங்கள் படலையிலிருந்து பதினாறு நிமிசம்.
கடலை விட்டுத் தப்பும் பாதை
முழுத்தூரமும் கடலோரமாகவே போகிறது.
அதற்கு ஆரும் ஒன்றும் செய்யேலாது.
நிலம் அவ்வளவுதான் அகலம்.

பலகையில் இருப்பவனுக்கு
இரண்டு கையும் வெறும் கை.
அதைக் கவனித்த கிழமைதான்
பழைய ஸ்கூல் பையில்
பன்னிரண்டு கிலோ சம்பா கட்டி
முன்பக்கமாய்ப் போட்டுக்கொண்டேன்.
"மில்லுக்கா?" என்றார் அருளப்பு அண்ணன்.
ஓம் என்றேன்.

லதுஜாவின் கிளினிக் கொப்பியில்
போன மாதம் எழுதியது பன்னிரண்டு.

எனக்கு அப்போது ஆறு வயசு.
இதே றோட்டில்
என்னைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆள் ஓடினார்.
முகம் ஞாபகமில்லை.
சேட் பொத்தான் ஒன்று
கன்னத்தில் வட்டமாய்ப் பதிந்திருந்தது,
பின்னேரம் வரை.
அன்றைக்கு நான் எத்தனை கிலோ?
அந்தக் கொப்பி
தண்ணியோடு போய்விட்டது.

காத்தான்குடிப் பக்கமிருந்து
சுபஹ் தொழுதுவிட்டு ஓடிவருவாள் றிஸ்மியா.
கணக்கு டீச்சர்.
பாலத்தடியில் நின்று என் நேரத்தை அவள்தான் பிடிப்பாள்.
"இருவத்தொண்டு" என்றாள் முதல்நாள்.
இடுப்பில் கைவைத்து நான் குனிந்து நிற்க
அவள் மனக்கணக்காய்ப் பிரித்தாள்:
"கிலோவுக்கு இருவத்தஞ்சு செக்கன்."
பிறகு,
சப்பாத்து நாடாவைக் கட்டியபடி,
"பிள்ளை வளருமே" என்றாள்.

அரிசி அழாது.
கழுத்தைக் கட்டிப்பிடிக்காது.
கீழே விடு, கால் நோகுது என்று
இடைநடுவில் சொல்லாது.
அதற்கெல்லாம் எத்தனை செக்கன்
என்று அவளிடம் நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில்
அந்த அரிசியைத்தான் ஆக்குகிறோம்.
குலுங்கிக் குலுங்கிக் கொஞ்சம் குறுணலாயிருக்கும்.
"எங்க வாங்கினது இத?" என்பார் இவர்.
லதுஜா இரண்டாம் தரமும் கேட்டுச் சாப்பிடுவாள்.

நேற்று கிளினிக்.
தராசு முள் ஆடி நின்றதும்
மிட்வைஃப் சிரித்தபடி எழுதினா,
"அரைக் கிலோ கூடியிருக்கு, நல்லம்."
நானும் சிரித்தேன்.

வரும் வழியில்
கடையில் அரைக் கிலோ சம்பா கேட்டேன்.
"அரைக் கிலோ காணுமா புள்ள?"
இந்த மாதத்துக்குக் காணும் என்றேன்.