நூற்றுப்பத்து

மன்னவனூர் ஏரிக்கு மேலே மூன்றாம் வளைவில்
மறுபடி நின்றுபோனது.
ஏற்றத்தில் மட்டும் நிற்கிறது.
இறக்கத்தில் எதுதான் ஓடாது.

அறுபத்திரண்டாயிரம். குழுக் கடன்.
கையெழுத்துப் போட்ட பன்னிரண்டு பேரில்
பூங்காவனம் மட்டும் கேட்டாள்:
"நாலு சக்கரம் இருக்கு, அப்புறமும் பைக்குங்கிறாங்க?"
தவணை வியாழன். இன்று திங்கள்.

முதலில் தீப்பொறி.
பிளக்கைக் கழற்றி இன்ஜின் தலையில் சாய்த்துப் பிடித்து
வேலப்பனைக் கயிற்றை இழுக்கச் சொன்னேன்.
நீலமாய்ச் சொடுக்கியது,
என் முழங்கை வரைக்கும்.
பொறிக்குக் குறையில்லை.
பிளக்கின் நுனிதான்
ஈர விறகு எரித்த அடுப்பு வாய்.

மூஞ்சிக்கல் இன்னாசி
பத்தடி தள்ளி நின்றே தீர்ப்புச் சொன்னார்:
"ரிங் போச்சு. இன்ஜினை இறக்கணும். பதினெட்டு ஆகும்."
நீலப் புகை என்றால் ஆயில், ஒத்துக்கொள்கிறேன்.
இது கறுப்பு அண்ணே. இது பெட்ரோல்.
டீயைக் குடித்து முடித்து
"உன் வண்டி, உன் மூக்கு" என்றார்.

மூக்குதான் வழி சொன்னது.
நிறுத்திவைத்த இடத்தில், ஓவர்ஃப்ளோ குழாய்க்குக் கீழே
உள்ளங்கை அளவுக்குப் புல் கருகியிருந்தது.
ஏர் பாக்ஸ் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டினேன்.
முப்பது கெஜம் கூடுதலாக ஏறி, அப்புறம் நின்றது.
முப்பது கெஜம் சும்மா வராது.

விற்றவன் கோவளத்தில் இருக்கிறான்.
"இங்கே பறந்துச்சும்மா, சத்தியமா."
சத்தியம் செய்கிறவனை நான் நம்புவதில்லை.

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்துக்கு நான்கு திருகு.
மூன்று வந்தன. நான்காவதின் தலை மழுங்கல்;
உளி வைத்துத் தட்டினேன், திட்டினேன், வந்தது.
உள்ளே பழைய பெட்ரோல் பிசினாய் உறைந்திருக்க,
அதில் ஒட்டிக்கொண்டு ஒரு சிட்டிகை மணல்.
கடல் மணல்.
ஆறாயிரம் அடி ஏறி வந்திருக்கிறது, டிக்கெட் இல்லாமல்.
ஊதினேன். பூண்டுப் பாத்தியில் விழுந்தது.

மிதவை ஊசி முனை தேய்ந்து மொட்டை. சரி, மாற்றலாம்.
மெயின் ஜெட்டை வெயிலுக்கு நேரே பிடித்தேன்.
பித்தளையில் எண் 110.
துளையில் ஒரு தூசு இல்லை.
அடைப்பு இருந்திருந்தால் நிம்மதியாயிருக்கும்.
அடைப்பில்லாத ஒன்றை எப்படிக் குத்திச் சரிசெய்வது?

அப்போதுதான் குரோம்பேட்டைக்காரர் ஒருவர்
ஏரிப் படியில் ஏறி வந்தார், பாதியில் உட்கார்ந்தார்.
முழங்காலில் கை. வாய் திறந்திருக்கிறது.
"காத்தே இல்லையேம்மா உங்க ஊர்ல."
இருக்கு சார், கொஞ்சம் மெலிசு,
என்று சொல்லிக்கொண்டே
என் உள்ளங்கையில் கிடந்த நூற்றுப்பத்தைப் பார்த்தேன்.

கோவளத்தான் பொய் சொல்லவில்லை.

வத்தலக்குண்டுக்குப் போன் போட்டேன்.
செவ்வாய் பஸ் வரவில்லை, பெருமாள்மலையில் மரம் சாய்ந்துவிட்டது.
புதன் மதியம் கண்டக்டர் சட்டைப்பையிலிருந்து எடுத்தார்,
தினசரித் தாளில் மடித்த பொட்டலம்.
தாலிக்குண்டு அளவுதான். எண் 102.
கூடவே ஊசி.

மாட்டினேன். ஜெட் ஊசியின் கிளிப்பை
ஒரு பள்ளம் மேலே ஏற்றினேன்.
மூன்றாம் வளைவைத் தாண்டியது.
நான்காவதில் ஒரு இருமல்.
இறங்கி, ஏர் ஸ்க்ரூவைக் கால் திருப்பு.
இன்னொரு கால் திருப்பு. அது அதிகம்.
திரும்பப் பாதி.
பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன்:
டீத்தூள் நிறம் வந்துவிட்டது.
புகைக்கு நிறமே இல்லை.

வியாழன் தவணையில் இருநூறு குறைந்தது.
பூங்காவனம் போட்டாள், ஒரு சுற்றுக்கு ஈடாக.
ஏற்றத்தில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.
இறக்கத்தில் ஊரைக் கூட்டினாள்.

நூற்றுப்பத்தை எறியவில்லை.
திருகாணி டப்பாவில் கிடக்கிறது.
என்றைக்காவது இந்த வண்டியைக்
கடலோரத்தில் ஒருவன் கேட்டு வந்தால்
சேர்த்தே கொடுத்துவிடுவேன்.
சத்தியமெல்லாம் செய்ய மாட்டேன்.