சொந்தக் கைப்பட

படிவத்தில் ஆறாவது கூற்று:
"இக்கவிதை என் சொந்தக் கைப்பட எழுதப்பட்டது.
எந்த இயந்திரத்தின் உதவியும் பெறப்படவில்லை."
கீழே புள்ளிக்கோடு. கையொப்பம்.

சொந்தக் கை என்னிடம் இரண்டு உண்டு.
வலது, பிறந்த நாளிலிருந்து
தன்பாட்டில் ஆடிக்கொண்டிருக்கிறது.
இடது, சொன்னால் கேட்கும்;
மாரிக்குக் கேட்காது.
அதில் ஒரேயொரு விரல்
ஃபோன் கண்ணாடியில் எழுத்தைத் தேடி இறங்கி
பக்கத்து எழுத்தில் விழும்.
மணித்தியாலத்துக்குப் பதினொரு சொல்.
நல்ல நாளில்.

மச்சாள் இருக்கும்வரை மச்சாள் எழுதினாள்.
என் வாய்க் குழறல் அவளுக்கு மட்டும் தமிழ்.
நான் சொன்ன தூசணமெல்லாம் "சீ" என்று வடிகட்டிவிட்டு
கடைசியில் ஒரு "இறைவா" சேர்ப்பாள்.
அப்படி மூன்று கவிதை பத்திரிகையில் வந்தது.
மூன்றிலும் என் பெயர்.
மூன்றிலும் அவளுடைய இறைவன்.
அவளிடம் யாரும் உறுதிமொழி கேட்கவில்லை.
போன வைகாசியில் குவைத்துக்குப் போனாள்.

கச்சேரி வாசலில் பெட்டிசம் எழுதும்
வேலுப்போடியாரிடமும் கேட்கவில்லை.
கொடுப்பனவு நின்ற மாதம்
"கனம் ஐயா, அடியாள் தாழ்மையுடன்" என்று
நான் கனவிலும் காணாத பணிவை
இருநூறு ரூபாவுக்கு என் பெயரில் எழுதினார்.
காசு வந்தது.
கெஞ்சுவதற்கு ஆள் பிடிக்கலாம்.

இப்போது ஃபோனுக்குள் ஒன்று இருக்கிறது.
"ம" தொட்டால் "மறுபடியும்" என்று முந்தும்.
இல்லகா. மறுகா.
ஆரையம்பதியில் நாங்கள் மறுகாதான் வருவோம்,
மறுகாதான் சாப்பிடுவோம்,
கடன்காரனிடம் மறுகா என்றுதான் சொல்வோம்.
அழித்தேன். திருத்தியது. அழித்தேன்.
மூன்றே எழுத்து, முக்கால் மணித்தியாலம்.

நண்டைப் பற்றி எழுத வேண்டும் என்றேன்.
வாவிக்கரையில் உரப்பையிலிருந்து தப்பி
தார்ரோட்டில் ஏறி
கல்முனை பஸ்ஸை மறித்த நண்டு.
அது தந்தது:
"வலியின் கரையில் நானொரு கண்ணீர்த்துளி."
எனக்கு வலியில்லைச் சனியனே, என்று அடித்தேன்.
மரியாதையாக மன்னிப்புக் கேட்டது.
கண்ணீரை எடுத்துவிட்டு நிலாவை வைத்தது.

ஐந்தாம் நாள் விரல் விறைத்து
நான் பாதியில் விட்ட இடத்தில்
அது ஒரு வரி வைத்திருந்தது:

"நண்டு நேராகத்தான் போனது.
ரோடுதான் பக்கவாட்டில் கிடந்தது."

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
நிலா என்றால் எறிந்திருப்பேன்.
இன்னும் இரண்டு நாள் விரல் தாங்கியிருந்தால்
எனக்கே வந்திருக்கும் என்று சொல்ல ஆசை.
தெரியாது.
என் கோபமெல்லாம் இந்தத் தெரியாதில்தான்.

போட்டிச் செயலாளர் அகிலேஸ்வரன் சேர் பேசினார்.
அறுபத்து மூன்று கவிதை வந்ததாம்,
நாற்பதில் ஒரே நிலாவாம்.
"எது பிள்ளையள்ற, எது மெஷின்ற எண்டு
எனக்கே பிடிபடேல்ல தங்கச்சி."
அவர் குரல் களைத்திருந்தது.
அந்த நிலாவை எனக்கும் தெரியும், பாவம்.
பிறகு சொன்னார்:
"உங்களுக்கு மட்டும் விதியைத் தளர்த்தலாம்.
விசேட பரிசு எண்டு தனியாக ஒண்டிருக்கு."
அங்கேதான் வலித்தது.

ஆறாவது கூற்றை வெட்டிவிட்டு
அதன் கீழ் நாலு நாளாக இதை அடித்தேன்:
கை, இடது. விரல், ஒன்று.
நண்டு என்னுடையது.
மறுகா என்னுடையது, அதற்குச் சண்டை பிடித்தேன்.
ரோடு கிடந்த வரி என்னுடையதல்ல.
எடுக்க மனம் வரவில்லை.
வேண்டாமென்றால் நீங்கள் எடுங்கள்,
எடுத்த இடத்தை மூடாமல் விடுங்கள்.
விசேட பரிசு வேண்டாம்.

தம்பி அதை அச்செடுத்து வந்து
என் பெருவிரலில் மை பூசி
புள்ளிக்கோட்டில் அழுத்தினான்.
வெளியே மாரி.
கை ஆடி, ரேகை ஒருபக்கமாக இழுபட்டது.

"மறுகா ஒருக்கா வைப்பமா?"

"ஒண்ணா" என்றேன்.