ஊருக்குப் போகாத இட்டேரி

விடிகாலை மூன்று பத்துக்கு வந்தது கடிதம்.
நைட் ஷிப்ட் விட்ட பனியன் கம்பெனி வேன்கள்
எங்கள் வீதியில் திரும்பும் நேரம்.
"உங்கள் செயலி ஒரு சுரங்கப்பாதையைத் திறக்கிறது.
அது எந்தச் சர்வருக்குப் போகிறது
என்று நீங்கள் குறிப்பிடவில்லை.
ஏழு நாட்களுக்குள் விளக்கவும்."
அடியில் யார் பெயரும் இல்லை.

எங்கேயும் போகாது என்பதுதான் விளக்கம்.

காங்கயம் பக்கம் போனால் இட்டேரி பார்க்கலாம்.
இரண்டு கிளுவை வேலிக்கு நடுவே
ஒரு வண்டி அகலத்தில் ஊருக்குப் போகும்.
நான் வெட்டியது போகாத இட்டேரி.
போனுக்குள் புறப்பட்டுப் போனுக்குள்ளேயே
படல் சாத்திக்கொள்வது.
டார்ச் அடிக்க வந்த செயலி
உங்கள் ஆட்களின் நம்பரையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு
அவ்வழியே ஓடி வரும்.
அங்கே நின்று
எங்க கெளம்பீட்டீங்க என்று கேட்பேன்.
அவ்வளவுதான் என் வேலை.

இதை முந்நூறு எழுத்துக்குள் சொல்லச் சொல்கிறது பெட்டி.
கிளுவை அதற்குள் நுழையாது.
"தரவு எதுவும் போனை விட்டு வெளியேறாது" என்று எழுதினேன்.
முப்பது நொடி வீடியோவும் வேண்டுமாம்.
எடுத்தேன்.
பக்கத்து ஷெட்டின் நிட்டிங் மெஷின்
என் குரலுக்கு மேல் ஓடுகிறது அதில்.

பகலில் ஒரு சாயப்பட்டறைக்கு பில் சாப்ட்வேர் பார்க்கிறேன்.
ராத்திரியில் 'படல்'.
நாலு வருஷத்தில் நான் அதில் சேர்த்ததைவிடப்
பிடுங்கியது அதிகம்.
விளம்பரம் தடுக்கும் பொத்தானை எடு என்றார்கள்,
இன்னொருத்தர் வரும்படியில் கை வைக்கக் கூடாதாம்.
எடுத்தேன்.
போனில் என்னென்ன செயலி இருக்கிறதென்று
உனக்கெதற்குத் தெரிய வேண்டும் என்றார்கள்.
உள்ளே யார் யார் என்று தெரியாமல்
காவலுக்கு நிற்பது எப்படி?
அதற்கும் ஒரு படிவம்.

ஒற்றை நட்சத்திரம் போட்டு ஒருவர் எழுதினார்:
"முன்ன நல்லா இருந்துச்சு. காசு வாங்கிட்டாங்க போல."
பொத்தானோடு இன்னொரு பதிப்பு வெளியே இருக்கிறது.
கடைக்குள் நின்றுகொண்டு
வெளியே கிடைக்கும் சரக்கைச் சொல்லக் கூடாது.
"நன்றி, கவனிக்கிறோம்" என்று பதில் போட்டேன்.
நாங்கள் என்பது நான்.

போன ஆனியில் விலாசம் கேட்டார்கள்.
காசு வாங்கும் செயலி என்றால்
செய்தவர் முகவரியை எல்லோரும் பார்க்க வைக்கணும்.
வாங்குகிறேன்தான், விருப்பப்பட்டவர்களிடம்,
ஆயுசுக்கு ஒருதரம் எண்பது ரூபாய்.
ஆகவே இனி யார் என் தீச்சுவரைத் தொட்டாலும்
அடியில் தெரியும்:
4/117, மூன்றாவது வீதி, நெருப்பெரிச்சல், திருப்பூர்.
தீச்சுவர், நெருப்பெரிச்சல்.
சிரித்துக்கொண்டேதான் அனுப்பினேன்.
அப்புறம் எழுந்து போய்
மேல் தாழ்ப்பாளையும் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டியது.
எக்ஸெல் வண்டி, பின்னால் கட்டிங் வேஸ்ட் மூட்டை.
"படல் வூடு இதுதானுங்களா?
அதுலயே விலாசம் போட்டிருந்துச்சுங்க."
பேர் துளசிமணி. செக்கிங் செக்‌ஷன்.
மூவாயிரம் கடன் கொடுத்த செயலி
அவர் போனிலிருந்த நூற்றெழுபது பேருக்கும்
திருடன் என்று போட்டோ அனுப்பியிருக்கிறது.
சம்பந்தி வீட்டுக்கு,
லைன் சூப்பர்வைசருக்கு,
பெருமாநல்லூர் கேஸ்காரனுக்குக்கூட.
"இதப் போட்டா நிக்குமுங்களா?"
போனது போனதுதானுங்க என்றேன்.
ரொம்ப நேரம் தண்ணீர் குடித்தார்.

பச்சைப் பொத்தானை அவரே அமுக்கினார்.
திரையின் மேலே சின்னதாய் ஒரு சாவி முளைத்தது.
அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு,
"இது எங்க போகுதுங் அம்மிணி?"

எங்கேயும் போகாதுங்க.

"அது செரி" என்று
சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவர் இறங்கிய பிறகு கணக்கைத் திறந்தேன்.
'பரிசீலனையில்'. நாலாம் நாள்.
டம்ளரை எடுக்கப் போனால்
அடியில் நனைந்தபடி நாலு இருபது ரூபாய்.
கடைக்கு வெளியே காசு வாங்கக் கூடாது
என்று ஒரு விதி இருக்கிறது.
வாசலுக்கு ஓடினேன்.
எக்ஸெல் சத்தம் முக்கு திரும்பியிருந்தது.